வெட்டுக்கிளி கடிச்ச வரிசை

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும், போன வாரம்தான் எங்க வீட்டுக்காரரைக் கீழ தள்ளுச்சு. இதுல உக்காருங்க. ஃபேன் சத்தம் போடும், ஆனா சுத்தும். டீ வெச்சிருக்கேன், இந்தா கொதிச்சுரும்.

என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. பண்ணை நோட்டுல இருநூத்திப் பதினாலாம் நெல்லுக்கு நேரா, ஓரத்துல பென்சில்ல என்ன எழுதியிருக்கு? வெட்டுக்கிளியா? அப்படியேவா எழுதியிருக்காங்க, 'வெட்டுக்கிளிச் சேதம்'னு?

ஆறு வருஷம் ஆச்சு. அப்ப நெல் ஆராய்ச்சிப் பண்ணையைப் பாத்துக்கிட்ட வசுமதி மேடம் எதையும் விடமாட்டாங்க. காக்கா உக்காந்தாக்கூட நோட்டுல ஏத்திருவாங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்ல? இப்ப வடக்க எங்கயோ பெரிய ஆபீசராமே. நல்லா இருக்கட்டும். நல்ல மனுஷி. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

மேடம்னு கூப்பிட வேணாமா? சரி, அப்ப பாப்பான்னு கூப்பிடுறேன். எம் மகளுக்கு அக்கா மாதிரி இருக்கீங்க. பண்ணையில பதினேழு வருஷம் வேலை பாத்தவ நான், பேண்ட் போட்டு யாரு வந்தாலும் வாயில மேடம்னுதான் வரும்.

நீங்க வந்த காரியம் எனக்குப் புரிஞ்சிருச்சு பாப்பா. அந்தப் பழைய நோட்டைப் பாத்து, குலை நோயைத் தாங்குச்சுன்னு நல்ல மார்க் வாங்குன நெல்லையெல்லாம் எடுத்து நீங்க ஆராய்ச்சி பண்றீங்க. எதுக்குள்ள எந்த ஜீன் இருந்து நோயைத் தடுக்குதுன்னு தேடுறீங்க. மத்த நெல்லெல்லாம் சரியா வருது. இருநூத்திப் பதினாலு மட்டும் ரெண்டு வருஷமா உங்க கண்ணாடி வீட்டுல புள்ளி புள்ளியா விழுந்து கருகிப் போவுது. அதனால குளிர் ரூம்ல பொட்டலம் மாறிப்போச்சு, விதை கலந்துபோச்சுன்னு நினைக்கிறீங்க. அந்த நெல்லைக் கண்டுபிடிச்ச ஆளுகிட்ட அசல் விதை இருக்கும், வாங்கிட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. அவ்வளவுதானே?

அந்த ஆளு எங்க அண்ணன். பக்கிரிசாமி. இங்கேர்ந்து நாலு மைலு.

என்னது, போன் பண்ணிட்டீங்களா? எப்ப? காலையிலயா? பதினோரு மணிக்கு இங்க வரச் சொல்லிட்டீங்களா, விதையோட?

மணி இப்ப என்ன?

பத்தேகால். சரி. சரி, டீ பொங்குது, இருங்க வர்றேன்.

இந்தாங்க. சர்க்கரை போதுமா பாருங்க. அவரு பதினோரு மணின்னா பத்தேமுக்காலுக்கே வந்து நிப்பாரு. அதுக்குள்ள உங்ககிட்ட ஒன்னு சொல்லியாகணும். குறுக்க கேள்வி கேக்காதீங்க. நிறுத்துனா அப்பறம் எனக்கு வராது.

எம் பேரு தையல்நாயகி. வைத்தீஸ்வரன் கோயில்ல இருக்கிற அம்மன் பேரு. ஊர்ல இருக்கிற நோயெல்லாம் தீர்க்கிறவ. அந்தப் பேரை வெச்சுக்கிட்டு நான் பதினேழு வருஷம் நோய் வளர்த்தேன். சிரிங்க பரவால்ல, பண்ணையில எல்லாரும் சிரிப்பாங்க.

பிளாஸ்ட் பாத்தி, அதான் குலை நோய் வெச்சுப் பாக்குற பாத்தி, எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆனாலும் சொல்றேன், எங்க கை அங்க என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க ஒம்பது மணிக்கு வர்றவங்க. நாங்க ஆறு மணிக்கு. கார்த்திகையில பாத்தி போட்டு ஒரு முழ நீளத்துக்கு வரிசை வரிசையா விதைப்போம், ஒரு நெல்லுக்கு ஒரு வரிசை. சுத்தியும், நடுநடுவுலயும் சீக்காளி நெல்லு. அதுக்கு ஒரு பெரிய பேரு இருக்கு, நாங்க வெச்ச பேரு சீக்காளி. யாரு தும்முனாலும் அதுக்குச் சளி பிடிக்கும். அது நல்லா நோய் வாங்கி, பக்கத்து வரிசைக்கெல்லாம் குடுக்கணும், அதுக்குத்தான் அதை வளர்க்கிறது. லேப்லேர்ந்து கலங்கல் தண்ணி வரும், அதுக்குள்ளதான் பூஞ்சை. அதைப் பொழுது சாய அடிச்சு, தார்ப்பாயை மூடி, உள்ள வேர்க்க வெச்சு, விடிஞ்சதும் நான் வந்து தார்ப்பாயைத் தூக்கணும். முதல்ல பாக்குறது நான்தான். என்னிக்கும் நான்தான்.

மார்க்கு நம்ம பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். சைபர் வாங்குனா கெட்டிக்காரன். ஒம்பது வாங்குனா செத்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஒரே ஒரு சட்டம்தான் சொல்லுவாங்க. புள்ளி விழுந்த இலையைக் கிள்ளக்கூடாது. சிரிப்பா இருக்கும், இதையெல்லாமா சொல்லணும்னு. ஆனா சொல்லித்தான் ஆகணும் பாப்பா. வயக்காட்டுக் கை அது. நாத்துல ஒரு இலை பழுத்திருந்தா கண்ணு பாக்குறதுக்கு முன்னாடி கை கிள்ளிப் போட்டுரும். வாயில பேச்சு ஓடிட்டிருக்கும், கை அது பாட்டுக்கு வேலை பாக்கும். நாங்க நோய் வளர்க்கிற எடத்துல அந்தக் கை ஆகாது. முதல் ரெண்டு மாசம் நான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நடந்தேன். அப்பறம் பழகிருச்சு. பத்து வருஷம் ஒரு இலையைத் தொட்டதில்ல. எந்தச் சாமி முன்னாடி வேணாலும் சொல்லுவேன்.

இப்ப அண்ணன் கதைக்கு வர்றேன்.

எங்க வீட்டுக்காரரு உத்திராபதி, பண்ணையில டிராக்டர் ஓட்டுறாரு. நாங்க ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டோம். அண்ணனுக்குப் பிடிக்கல. திட்டலை, அடிக்கலை. பேச்சை நிறுத்திட்டாரு, அவ்வளவுதான். ஒம்பது வருஷம். எம் மக காது குத்துக்கு வரலை. எங்க அம்மா செத்தப்ப ஒரே வீட்டுல பதினாறு நாள் இருந்தோம், என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லலை. என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திருவிழா காட்டுன மனுஷன் அவரு. எனக்கு அது சோத்துல மண்ணு விழுந்தாப்ல இருக்கும், தினமும்.

ஒரு மாசி மாசம், வாசல்ல 'தையலு'ன்னு ஒரு குரல். நான் அடுப்புல இருந்தேன். கரண்டியோட வெளிய வந்து பாத்தா அண்ணன் நிக்கிறாரு. உள்ள வரலை. துண்டோட முனையில எதையோ முடிஞ்சு வெச்சிருந்தாரு. முடிச்சை அவிழ்த்து எங் கையில கொட்டுனாரு. ரெண்டு பிடி நெல்லு. மூக்கு சிவந்த நெல்லு.

"இந்த வருஷம் வயலெல்லாம் குலை நோய் வந்து கதிரு ஒடிஞ்சுது. ஒரே ஒரு தூரு மட்டும் பச்சையா நின்னுச்சு. சுத்திலும் செத்துக் கிடக்கு, இது மட்டும் கல்லு மாதிரி நிக்கிது. உங்க பண்ணையில நோய் வெச்சுப் பாக்குறாங்களாமே. இதையும் வெச்சுப் பாக்கச் சொல்லு. இது தாங்கும் தங்கச்சி" அப்படின்னாரு.

தங்கச்சின்னாரு பாப்பா. ஒம்பது வருஷம் கழிச்சு.

நான் உக்காரச் சொல்லலை, தண்ணி குடுக்கலை, ஒன்னும் ஓடலை எனக்கு. 'சரிங்கண்ணே'ன்னேன். சின்னதுலேர்ந்து 'நீ, வா, போ'ன்னு நான் கூப்பிட்ட அண்ணன். அன்னைக்கு 'நீங்க' வந்துருச்சு வாயில. இன்னும் அது போகலை.

மேடம்கிட்ட குடுத்தேன். அவங்களுக்கு ஒரே சந்தோஷம். விவசாயி வயல்ல தானா நின்ன தூருன்னா விட்டுருவாங்களா? நம்பர் போட்டாங்க. இருநூத்திப் பதினாலு. கார்த்திகையில விதைச்சோம். எங் கையாலதான் விதைச்சேன். பூஞ்சைத் தண்ணியும் நான்தான் அடிச்சேன், அந்த வரிசைக்கும் சேத்து ஒழுங்கா அடிச்சேன், அதுல ஒன்னும் குறை வைக்கலை. எழுதிக்கிறதுன்னா அதை எழுதிக்குங்க.

ஏழாம் நாள் காலையில தார்ப்பாயைத் தூக்குறேன். சீக்காளியில புள்ளி விழுந்திருக்கு. கண்ணு மாதிரி இருக்கும்ல, நடுவுல சாம்பலு, ஓரத்துல செம்பழுப்பு. ஒன்னொன்னா பாத்துட்டே வர்றேன். இருநூத்திப் பதிமூணு, புள்ளி. இருநூத்திப் பதினஞ்சு, புள்ளி. நடுவுல குனிஞ்சு பாத்தா அண்ணன் நெல்லுலயும் மூணு இலையில புள்ளி.

அந்த மூணும் எங் கையில இருந்துச்சு. கிள்ளுனது எனக்குத் தெரியவே தெரியாது. நம்புங்க. முதல் நாள் கிள்ளுனது கை. நானில்ல.

ரெண்டாம் நாள் கிள்ளுனது நான்.

இலையை நுனியில கிள்ளலை, தெரிஞ்சுரும். அடியோட, தண்டை ஒட்டி உருவி எடுத்தேன். அப்படி எடுத்தா அங்க இலை இருந்த அடையாளமே இருக்காது. மடியில கட்டிக்கிட்டுப் போயி வரப்போரம் புதைச்சேன். அன்னைக்கு ஆறு. மறுநாள் பதினொன்னு. அப்பறம் எண்ணலை. தினமும் ஆறு மணிக்கு மத்த பொம்பளைங்க வர்றதுக்கு முன்னாடி, வேகமா நடந்து போவேன். எங்க வீட்டுக்காரரு கூட கேட்டாரு, "என்னடி, பாத்திக்குப் போறியா, பந்திக்குப் போறியா?"

ஒரு நாள் வசுமதி மேடம் அந்த வரிசைகிட்ட குனிஞ்சு உக்காந்துட்டாங்க. "என்ன தையல், இந்த வரிசை மட்டும் மெலிஞ்சாப்ல இருக்கு?"ன்னாங்க.

"வெட்டுக்கிளி மேடம்"னேன்.

வாய்க்கு வந்தது அதுதான். பென்சிலை எடுத்து எழுதுனாங்க. அதைத்தான் நீங்க இப்ப படிச்சது.

அந்த வெட்டுக்கிளி நான்தான் பாப்பா.

டீ ஆறிடுச்சு பாருங்க. குடிங்க. எழுதாதீங்க இப்ப, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க. முழுசா கேட்டுட்டு எழுதுங்க.

மார்கழியில மார்க் போட்டாங்க. சீக்காளிக்கு ஒம்பது. அக்கம்பக்கத்துக்கு ஆறு, ஏழு. இருநூத்திப் பதினாலுக்கு ஒன்னு. மேடம் என் தோளைப் பிடிச்சு உலுக்கி, "உங்க அண்ணன் பெரிய ஆளு தையல்"னாங்க. அன்னைக்கே காரை எடுத்துட்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணன் சட்டையைத் தேடுறாரு, பட்டனை மாத்திப் போடுறாரு. மேடம் படம் பிடிச்சாங்க. ஆனா தெளிவா சொன்னாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு: "ஒரு வருஷம் பாத்தது போதாதுங்க. இன்னும் ரெண்டு வருஷம், ரெண்டு மூணு ஊர்ல வெச்சுப் பாக்கணும். அதுவரைக்கும் இதை நம்பி நட்டுறாதீங்க." அதைச் சொல்லிட்டுதான் போனாங்க. அடுத்த வருஷம் வைக்கிறதுக்குள்ள அவங்களுக்கு மாத்தல் வந்துருச்சு. பொட்டலம் குளிர் ரூமுக்குப் போயிருச்சு.

மறுவாரம் அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தாரு. இந்த தடவை உள்ள வந்தாரு. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாரு. வத்தக்குழம்பும் வாழைக்காயும். "மாப்ள, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க"ன்னு இவருக்கு அவரு பரிமாறுறாரு. நான் அடுப்படியில போயி நின்னு அழுதேன். சந்தோஷத்துலதான் அழுதேன். அன்னைக்கு எனக்குக் குத்தம் பண்ணாப்லயே தோணலை, அதையும் சொல்லிடுறேன். ஒரு கை இலையைக் கிள்ளி அண்ணனை வாங்கிட்டேன்னுதான் தோணுச்சு.

அவரு மேடம் பேச்சைக் கேப்பாரா? மிச்சம் வெச்சிருந்த ஒரு பிடியை அந்தப் பட்டத்துலயே தனியா நட்டுப் பெருக்கி வெச்சிருந்தாரு. மோட்டார் கொட்டகை ஓரமா, கண்ணு முன்னாடியே இருக்கணும்னு. முதல்ல அந்தத் தூரைக் கண்டெடுத்ததும் அதே கொட்டகை ஓரம்தான். பாப்பா, நீங்க படிச்சவங்க, உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. கொட்டகைக் கூரை வெளிய நீண்டிருக்கும். அதுக்கு அடியில பனி இறங்காது. இலை நனையாது. நனையாத இலையில பூஞ்சை என்ன பண்ணும்? அது தாங்குன நெல்லு இல்ல. ஒதுங்கி நின்ன நெல்லு.

மறு வருஷம் சம்பாவுக்கு ஆறு மாவும் அந்த நெல்லுதான். ரெண்டு ஏக்கரு பாப்பா, அதுல பாதி குத்தகை. ஊர்ல 'பக்கிரி சம்பா'ன்னு கேலி பண்ணாங்க, அவருக்கு அது கேலியாவே தெரியலை. கேக்குறவங்களுக்கெல்லாம், "எந் தங்கச்சி பண்ணையில வெச்சுப் பாத்தது. நூத்துக்கணக்குல வெச்சதுல என்னுது ஒன்னு வாங்குச்சு"ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு. எந் தங்கச்சி, எந் தங்கச்சி. டீக்கடையில கூட.

நான் தடுத்திருக்கலாம். எத்தனையோ தடவை போனேன் வந்தேன். நாத்து விட்டப்ப போனேன், நடவுக்குப் போயி ரெண்டு முடி நாத்து நட்டுக் குடுத்தேன். ஒரு வேளை உண்மையிலயே தாங்குமோன்னு ஒரு ஆசை. பாத்தியில நாம பூஞ்சையைக் குடம் குடமா ஊத்துறோம், வயல்ல அவ்வளவு வருமான்னு ஒரு சமாதானம். மனசு எப்படி எப்படியோ வக்காலத்து வாங்கும்.

மார்கழி பொறந்துச்சு. அந்த வருஷம் என்னா பனி தெரியுமா, பத்து மணிக்குத்தான் எதிர்ல வர்ற ஆளு தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனவ, வயலைப் பாத்துட்டு வர்றேன்னு எறங்குனேன். பத்தடி போயிருக்க மாட்டேன். கண்ணு. இலைக்கு இலை கண்ணு. அதுக்குள்ள பன்னெண்டு வருஷம் அதைப் பாத்த எனக்கு அடையாளம் சொல்லணுமா?

அப்ப நான் என்ன பண்ணேன்னு கேளுங்க.

கிள்ளுனேன்.

ஆறு மா வயல்ல, பாப்பா. குனிஞ்சு ஒன்னொன்னா உருவ ஆரம்பிச்சேன். பைத்தியம்தான். மடி நிறைஞ்சுது, புடவைத் தலைப்புல கட்டுனேன், அதுவும் நிறைஞ்சுது. திரும்பிப் பாத்தா ஒரு கட்டில் அகலத்துக்குக் கூட முடிக்கலை. மறுநாள் லீவு போட்டுட்டு வந்தேன். அதுக்கு மறுநாளும் வந்தேன். மூணாம் நாள் அண்ணன் வரப்புல வந்து நின்னாரு. "என்ன தையலு பண்றே?"

"கோரை புடுங்குறேன்ண்ணே."

சிரிக்கிறாரு. அண்ணியைக் கூப்பிட்டு, "இங்க பாரு, கவர்மெண்டு வேலைக்காரி நம்ம வயல்ல கூலியில்லாம களையெடுக்கிறா"ங்கிறாரு. அண்ணி சுடச்சுட இட்லி கொண்டாந்து வரப்புல வெச்சுது. கையைக் கழுவிட்டு நாலு இட்லி தின்னேன்.

அப்ப நான் சொன்னேன். சொல்லாம இல்ல. "எதுக்கும் ஒரு தடவை மருந்து அடிச்சுருங்களேன்ண்ணே"ன்னு சொன்னேன். சொன்னேன்ல? "ஒன்னு வாங்குன நெல்லுக்கு மருந்தா? உங்க மேடம் கேட்டா சிரிப்பாங்க"ன்னுட்டாரு. நான் அதுக்கு மேல கிளறலை. கிளறுனா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா நான் எதைச் சொல்ல? அன்னைக்கு அடிச்சிருந்தா முக்கால்வாசி நின்னிருக்கும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தைப் பொங்கல் அன்னைக்கு கதிரு வெளிய வந்துருந்துச்சு. பத்து நாள்ல கழுத்து ஒடிஞ்சுருச்சு. கழுத்துல கருப்பா ஒரு வளையம், அதுக்கு மேல எல்லாம் வெளுத்துப் போயி நிமிந்து நிக்குது. நெல்லு பிடிச்ச கதிரு தலை குனியும். பதரு குனியாது. ஆறு மாவும் குனியாம நின்னுச்சு.

அண்ணன் வரப்புல உக்காந்திருந்தாரு. நான் பக்கத்துல போயி உக்காந்தேன். இப்ப சொல்லிடலாம்னுதான் போனேன், சத்தியமா. அவரு எம் மூஞ்சியைப் பாத்துட்டு, "நீ எதுக்கு அழுவுற? உங்க பண்ணையில நீங்க சரியாத்தான் பாத்தீங்க. நான்தான் ஆசையில யூரியாவைக் கூடப் போட்டுட்டேன். பயிரு கொழுத்துப் போச்சு, நோய் வந்துருச்சு. நெல்லு மேல தப்பு இல்ல தங்கச்சி, எம் மேலதான்"னாரு. எந் தலையைத் தடவி விட்டாரு.

அந்தக் கை தலையில இருக்கும்போது எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க.

குத்தகை நிலம் கையை விட்டுப் போச்சு. அண்ணி காதுல வேப்பங்குச்சி. அண்ணன் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி வாசல்ல நாலு வருஷம் வாட்ச்மேனா நின்னாரு. வயல்ல நின்ன மனுஷனுக்கு நீல கலரு சட்டையும் தொப்பியும். போன வருஷம்தான் திரும்பி வந்தாரு. இப்ப சொந்த நிலம் மூணு மா மிச்சம். திருப்பூர்லேர்ந்து வந்தப்பல்லாம் எங்க வீட்டுக்குத்தான் முதல்ல வருவாரு. எம் மகளுக்கு பனியன் வாங்கிட்டு வருவாரு. ஒரு கடுஞ்சொல்லு கிடையாது. கோவமா இருந்தா கூட தாங்கிக்குவேன் பாப்பா. பாசமா இருக்காரு.

இந்த அஞ்சு வருஷத்துல நெல்லை மட்டும் அவரு விடலை. திருப்பூர்ல இருந்தப்பகூட அண்ணியை விட்டு வருஷா வருஷம் கொட்டகை ஓரம் ரெண்டு பாத்தி நட்டு விதையைப் புதுப்பிச்சு வெச்சிருக்காரு. டின்னுல போட்டு, வேப்பிலை போட்டு, மேல எம் பேரு எழுதியிருக்கு. எம் பேரு. யூரியாவைக் குறைச்சுப் போட்டா இது நிக்கும்னு சொல்லிட்டே இருக்காரு. மூணு மாவுல நடத் துணிச்சல் வரலை, அவ்வளவுதான்.

இப்ப நீங்க போன் பண்ணிருக்கீங்க. காலேஜ்லேர்ந்து ஒரு மேடம், அசல் விதை வேணும்னு கேக்குது. அவரு என்ன நினைச்சிருப்பாருன்னு யோசிச்சீங்களா? ராத்திரிப் பூரா தூங்கிருக்க மாட்டாருன்னு சொல்லலாம்னா, நீங்க காலையிலதான் பண்ணிருக்கீங்க. வர்ற வழியில நாலு மைலும் நினைச்சுட்டே வருவாரு. இந்த ஆவணிக்கு மூணு மாவும் அதுதான். நிச்சயம் அதுதான்.

அதனாலதான் சொல்றேன். நீங்க தேடுறது அந்த நெல்லுக்குள்ள இல்ல. பொட்டலம் மாறலை. விதை கலக்கலை. உங்க கண்ணாடி வீடு சரியாத்தான் சொல்லுது. அந்த நெல்லு சீக்காளிக்குத் தங்கச்சி. அன்னைக்கு நோயைத் தடுத்தது எந்த ஜீனும் இல்ல. இந்த ரெண்டு விரலு. இந்தாங்க, பாத்துக்குங்க. இதைக் கொண்டுபோயி உங்க கண்ணாடி வீட்டுல வெச்சுப் பாருங்க.

உங்களுக்கும் ரெண்டு வருஷம் போச்சே. அதை நான் இப்பத்தான் நினைக்கிறேன். உங்க படிப்பு. மன்னிச்சுக்குங்கன்னு கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல.

நீங்க ஒன்னும் அவருகிட்ட சொல்ல வேணாம். நானே சொல்றேன். எங் குத்தம், என் வாயாலதான் வரணும். அஞ்சு வருஷம் நெஞ்சுல அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு, இப்ப உங்ககிட்ட சொன்னதுல ஒரு வழி திறந்துருச்சு. சொல்லிடுவேன். பேசுனா பேசட்டும், இல்லாட்டி இன்னொரு ஒம்பது வருஷம் பேசாம இருக்கட்டும். மூணு மா தப்பிக்கும்ல? நீங்க பக்கத்துல இருங்க, அது போதும். நான் தடுமாறுனா மட்டும் எடுத்துக் குடுங்க.

அந்தா வண்டிச் சத்தம். நான் சொன்னேன்ல, முன்னாடியே வந்துருவாருன்னு.

வாங்கண்ணே. செருப்பு அங்கயே கிடக்கட்டும், உள்ள வாங்க. இவங்கதான் போன் பண்ண மேடம். அந்த நாற்காலி வேணாம்ண்ணே, கால் ஆடும், இதுல உக்காருங்க. என்னண்ணே இது, டின்னோடவே கொண்டாந்துட்டீங்களா? ஒரு பிடி போதும்னுதானே கேட்டாங்க. வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டுட்டு. அண்ணி தேய்ச்சுக் குடுத்துச்சா?

தண்ணி குடிங்க முதல்ல.

அண்ணே. ஒரு விஷயம். இந்த நெல்லு இருக்குல்லண்ணே. நம்ம நெல்லு. அதை அன்னைக்குப் பாத்தியில வெச்சப்ப...

அழலைண்ணே. வெங்காயம் அரிஞ்சேன்.

இல்லண்ணே, ஒன்னுமில்ல. நல்ல நெல்லுன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. ஆமா, ரொம்ப நல்ல நெல்லாம். அதான் இவ்வளவு தூரம் தேடிட்டு வந்திருக்காங்க. இல்லீங்களா மேடம்?

அண்ணன் பேரை எழுதிக்குங்க மேடம். பக்கிரிசாமி. தகப்பனார் பேரு வைத்திலிங்கம். ஏன் மேடம் என்னையே பாக்குறீங்க? எழுதுங்க.